ஆலன் தொல்மரபணுத் தொகுப்பும் அட்மிக்ஸ்டூல்ஸ் 2-உம்: காசில்லாமல் கிடைப்பது, கவனமில்லாமல் கெடுவது

தொல்மாந்தர் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதைப் பழைய எலும்பின் டிஎன்ஏ வழியே ஆராய, சொந்தமாக ஆய்வகம் வேண்டியதில்லை. டேவிட் ரைக் ஆய்வகம் தொகுத்து ஹார்வர்ட் டேட்டாவெர்ஸில் வைத்திருக்கும் ஆலன் தொகுப்பு ஒன்று, மக்கள் கலப்பைக் கணக்கிட ராபர்ட் மையர் எழுதிய அட்மிக்ஸ்டூல்ஸ் 2 என்ற, ஆர் புள்ளியியல் மொழியில் ஓடும் மென்பொருள் ஒன்று. இரண்டும் இலவசம். வெளியான ஆய்வுகளிலிருந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொல்மாந்தரின் தரவு ஒரே சீராகத் தொகுப்பில் வருகிறது. ஒவ்வொரு கட்டுரையாகத் தேடிக் கோத்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை அது.

தொகுப்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1240கே வடிவில் 12,33,013 எஸ்என்பிகள் (ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து வேறுபடும் இடங்கள்). எச்ஓ வடிவில் 5,97,573. இன்றைய மக்களோடு சேர்த்து பிசிஏ (யார் யாருக்கு நெருக்கம் என்று காட்டும் புள்ளிப்படம்) வரைய எச்ஓ போதும். பழைய மாதிரிகளை மட்டும் ஒப்பிட 1240கே எடுங்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 300 கிலோபைட் என்பதால் 1240கே கோப்பு 5 ஜிபியைத் தொடும். விண்டோஸில் ஆர்டூல்ஸ் என்ற துணைக் கருவித்தொகுப்பைப் போடாமல் மென்பொருளை நிறுவப் பார்த்தால் பாதியில் நிற்கும்.

எல்லோரும் மரபணு எழுத்துகள் இருக்கும் ஜெனோ கோப்பின் மேல் கண்ணாக இருப்பார்கள். உண்மையான சொத்து அன்னோ கோப்பு. ஒவ்வொருவரின் காலம், ஊர், பிறர் டிஎன்ஏ கலந்த மாசின் மதிப்பீடு, எத்தனை எஸ்என்பி கிடைத்தது என்பதெல்லாம் அதில்தான். காலம் 1950-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது. 4,500 என்றிருந்தால் கி.மு. 2550. ஒரே ஆள் வெவ்வேறு தரவாக இரண்டு மூன்று வரிகளில் வருவதுண்டு. மாஸ்டர் ஐடி பத்தியைப் பார்த்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆரின் ரீட்-டேபிள் கட்டளையால் இந்தக் கோப்பைத் திறந்தால், ஊர்ப்பெயர்களில் வரும் ஒற்றை மேற்கோள்குறியை அது சொற்றொடரின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு பல வரிகளைச் சத்தமில்லாமல் ஒன்றாக விழுங்கிவிடும். பிழைச்செய்தி வராமலும் போகலாம். கோட் மதிப்பை வெறுமையாகக் கொடுத்துத் திறந்து, வரி எண்ணிக்கையை ஆட்களின் பட்டியலான இண்ட் கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பத்தித் தலைப்புகள் பலவும் ஒரு முழு வாக்கிய நீளம். இதை யார் சரி என்று ஒப்புக்கொண்டார்களோ!

மென்பொருளில் கவிழ்க்கும் இடம், இரண்டிரண்டு குழுக்களுக்கு இடையிலான மரபணு விலகலை (எஃப்2) முன்கூட்டியே கணக்கிடும் எக்ஸ்ட்ராக்ட்-எஃப்2 கட்டளை. அதில் மேக்ஸ்மிஸ் அளவு இயல்பாகவே 0. அதாவது, தேர்ந்தெடுத்த எல்லாக் குழுக்களிலும் தரவு இருக்கும் எஸ்என்பி மட்டுமே மிஞ்சும். ஹரியானாவின் சிந்துவெளி நகரமான ராகிகரியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்து, தேறிய ஒரே ஒருவரிடம் நூற்றுக்கு மேற்பட்ட லைப்ரரிகள் (வாசிப்புக்குத் தயார்செய்த டிஎன்ஏ தொகுதிகள்) தயாரித்தும் 2019-இல் ஆய்வுக்குக் கிடைத்தது சுமார் 32,000 எஸ்என்பிதான். அப்படி ஒருவரைப் பட்டியலில் சேர்த்த மாத்திரத்தில், யாம்னாயா (கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த வெண்கலக் கால மேய்ப்பர்), அனடோலியா (இன்றைய துருக்கி) என்று அருமையான தரவுள்ள குழுக்களும் அந்த 32,000-க்குள் சுருங்கிவிடும். மேக்ஸ்மிஸை 1 ஆக்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வொரு எஃப்2-வும் வேறு வேறு எஸ்என்பிகளில் கணக்கிடப்படுவதால், அவற்றைக் கூட்டிக் கழித்து வரும் எஃப்4 (நான்கு குழுக்களின் உறவை அளக்கும் எண்) சாயும். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை என்று, கலப்பு விகிதம் கணக்கிடும் கியூபிஆடமுக்கு ஜெனோ கோப்பையே நேராகக் கொடுத்து ஆல்-எஸ்என்பிஸை ட்ரூ ஆக்குவதே மேல்.

முதல் சோதனைக்கு ஜெர்மனியின் கார்டட் வேர் பண்பாட்டு மக்களை எடுக்கலாம். இடப்பக்கத்தில், அதாவது கலந்திருக்கக்கூடிய மூலங்களாக, ரஷ்யாவின் சமாராப் பகுதி யாம்னாயாவும் ஐரோப்பிய உழவரான குளோபுலர் ஆம்ஃபோராவும். யாம்னாயாவின் பங்கு முக்கால் பக்கம் வந்தால் அமைப்பு ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம்; 2015-இல் வெளியான ஆய்வின் முடிவும் ஏறத்தாழ அதுதான். வலப்பக்கத்தில், அதாவது ஒப்பீட்டுக் குழுக்களாக, ம்பூட்டி, ஹான், பப்புவா என்று தூரத்து ஆட்களை மட்டும் நிறுத்தினால் எந்தக் கலப்பு மாதிரியும் (மாடல்) பி மதிப்பில் 0.05-ஐத் தாண்டிவிடும், திட்டப்பிழையும் வீங்கிக் கிடக்கும். மூலங்களைப் பிரித்துக் காட்டக்கூடிய வில்லாப்ரூனா (இத்தாலியின் பழைய வேட்டையர்), எம்ஏ1 (சைபீரியாவின் பழைய கற்காலச் சிறுவன்), அனடோலியப் புதிய கற்கால மக்கள் போன்றோர் அங்கே வேண்டும். பி மதிப்பு தாண்டியது என்றால் அந்த மாடல் நிராகரிக்கப்படவில்லை என்றுதான் பொருள். மூலங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் பாப்டிராப் அட்டவணையில் ஒற்றை மூலமே தேறுகிறதா என்று பார்க்காமல் சதவீதத்தை எடுத்துப் பேசக் கூடாது.

யூடிஜி (சிதைந்த எழுத்துகளை நீக்கும் நொதிச் சிகிச்சை) செய்யாத ஷாட்கன் (குறிப்பிட்ட இடங்களைத் தேராமல் எல்லாவற்றையும் வாசித்த) தரவு கலந்தால், சி எழுத்து டி ஆகத் தெரியும் சிதைவு போலி உறவைக் காட்டும். அவ்வகை எழுத்து மாற்றங்களை விலக்க ட்ரான்சிஷன்ஸை ஃபால்ஸ் ஆக்கலாம். விலையாக எஸ்என்பிகளில் பெரும்பகுதி போய்விடும்.

ஃபைண்ட்-கிராஃப்ஸ் கட்டளை, மக்கள் எப்படிப் பிரிந்து கலந்தார்கள் என்ற கலப்பு வரைபடத்தைத் தானாகவே தேடித் தரும். ஏற்கெனவே அச்சில் வந்த பல வரைபடங்களுக்கு இணையாகப் பொருந்தும் வேறு வரைபடங்கள் இருப்பதை மையர் குழுவே 2023-இல் காட்டிவிட்டது. ஆகவே முதலில் வந்ததைப் படம் போட்டு மாட்டிவிடாதீர்கள்.

நம் ஊர் வாசகர் முதலில் தேடுவது தமிழரைத்தான். எஸ்டியு என்ற குறியீட்டில் பிரிட்டன்வாழ் இலங்கைத் தமிழர் உண்டு; தனியே இருளரும் உண்டு. எல்லாம் இன்றைய மக்கள். சிந்துவெளிப் பக்கத்துக்கு, துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் கிழக்கு ஈரானின் ஷஹர்-இ-சோக்தாவிலும் கிடைத்த, சிந்துவெளியிலிருந்து வந்தவர்களாகக் கருதப்படும் 11 பேரை வைத்து ஓட்டுவதே வழக்கம். தென்னாசியாவின் பழைய வேட்டைச் சமூகத்துக்கு நேரடி மாதிரி இல்லாததால் அந்தமான் மக்களை அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த தூரத்து உறவு. கோனூர், சோக்தா ஆட்களிடமும் அதே வேட்டைச் சமூகத்தின் பங்கு ஆளுக்கு ஆள் ஏறி இறங்குவதால், 11 பேரில் யாரை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சதவீதமே மாறும். முடிவோடு அந்த ஆட்களின் அடையாள எண்களையும் கொடுக்காவிட்டால் அதை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை.