மேன்ஸ்டன் முதல் சம்பரா வரை: தனியார் மீட்பு ஹெலிகாப்டர் சேவை

பிரிட்டனில் ராணுவ ஹெலிகாப்டர்கள் பார்த்துவந்த கடல் மீட்பு வேலையை 1971இல் தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், மேன்ஸ்டனிலிருந்து பிரிஸ்டோ என்ற தனியார் ஹெலிகாப்டர் நிறுவனம் விர்ல்விண்டு ஹெலிகாப்டரோடு எடுத்து நடத்தியது. ஆட்கள் மேல் குறையே சொல்ல மாட்டேன், வண்டிதான் பத்தாது: ஒற்றை எஞ்சின், அது கடல் மேல் நின்றுபோனால் காப்பாற்றப் போனவர்களையே காப்பாற்ற வேண்டிவரும். 1983இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில், சம்பராவில் அதே நிறுவனம் மீட்பு வேலைக்கு இறக்கிய சிகோர்ஸ்கி எஸ்-61என் ஹெலிகாப்டர் அப்படியில்லை. இரண்டு எஞ்சின், படகு மாதிரி அடிப்பாகம், அப்புறம் மீட்டவர்களைப் படுக்கவைக்கத் தாராளமான இடம். எனக்கு மிகவும் பிடித்தது மீட்புக் குழுவின் கூட்டு வேலைதான். கம்பியில் தொங்குபவர் விமானியின் கண்ணுக்கே படமாட்டார், கதவோரம் வின்ச் (கம்பியை இறக்கி ஏற்றும் கருவி) இயக்குபவர் சொல்லச் சொல்ல விமானி ஹெலிகாப்டரை அடி அடியாக நகர்த்த வேண்டும். மேன்ஸ்டன் சேவையை 1974இல் முடித்துக்கொள்ளாமல் வண்டியை மட்டும் மாற்றியிருக்கலாம்.