எல்லாவற்றுக்கும் ‘ஸ்பாயில்’ போதுமா?

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஆங்கில டியூஷன் நடத்துபவர்களின் சிவப்புப் பேனா அதிகம் வட்டமிடும் சொல் ‘ஸ்பாயில்’. கார் நின்றுபோனாலும் ஸ்பாயில், குழம்பு ஊசிப்போனாலும் ஸ்பாயில், தாத்தாவின் முழங்கால் தேய்ந்தாலும் ஸ்பாயில். மலாயில் ‘ரோசாக்’ என்ற ஒரே சொல் பாதி வேலையைப் பார்த்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஒன்றே போதும் என்றிருந்துவிடுகிறோம். கடைத்தெருப் பேச்சுக்குச் சரி. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) கட்டுரைக்குச் சரிவராது. குழம்புக்கும், செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவரான பிள்ளைக்கும் ஸ்பாயில் பொருந்தும். மெல்ல மெல்ல அழிவதற்கு வேறு சொற்கள் வரிசையில் நிற்கின்றன. எது அழிகிறது, எப்படி அழிகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதை எடுப்பது என்று தெரியும்.

முதல் போட்டி ராட்டுக்கும் (rot) டிகேவுக்கும் (decay). ராட் என்றால் ஈரமும் நாற்றமும் சேர்ந்தே வரும். செம்பனையின் (எண்ணெய்ப்பனை) அடித்தண்டைத் தின்னும் கானோடெர்மா பூஞ்சை நோய்க்குப் பெயரே ‘பேசல் ஸ்டெம் ராட்’. குருத்துகள் விரியாமல் நிற்கும், கீழ்மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும், அடிமரத்தில் காளான் தட்டுத் தட்டாகத் தள்ளியிருக்கும். அந்தக் காளான் கண்ணில் படுவதற்குள் உள்ளே தண்டு பெருமளவு போயிருக்கும். இதை டிகே என்று எழுதினாலும் தப்பில்லை, ஆனால் நாற்றம் வராது. டிகே கொஞ்சம் கைபடாத சொல். பல்லுக்கு வரும், நகரத்துக்கு வரும், ஒழுக்கத்துக்கும் வரும். மிட்டாய் தின்றால் பல் ராட் ஆகும் என்று அம்மா மிரட்டலாம். பல் மருத்துவர் டூத் டிகே என்றுதான் எழுதுவார். இன்னொரு பொறி இயற்பியலில் இருக்கிறது. மலாய்ப் பாடநூலில் ‘ரெப்புத்தான் ரேடியோஆக்திஃப்’ என்று படித்த பிள்ளைக்கு, ரெப்புட் என்றால் மக்கிய மரம்தானே என்று ‘ரேடியோஆக்டிவ் ராட்’ எழுதக் கை போகும். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிறது என்றால் அதைப் பூஞ்சை எதுவும் தின்னவில்லை. அங்கே டிகே மட்டும்தான்.

தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சொல் பெரிஷ். உயிர் போவது என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ரப்பர் தன் இழுவையை இழப்பதற்கும் அதே சொல்தான். ஒரு பழைய செக்ரோல் (தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேடு) கட்டை அவிழ்த்துப் பாருங்கள். ரப்பர் பேண்டின் ஒரு பக்கம் காகிதத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கும், மறுபக்கம் காய்ந்து வெடித்து, தொட்டவுடன் ஒடியும். எடுத்த பிறகும் காகிதத்தில் பழுப்புக் கோடு நிற்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. வெயில் அதற்குத் துணை. அமெரிக்கர்கள் டயர் இப்படி வெடித்தால் ‘டிரை ராட்’ என்பார்கள். பிரிட்டிஷ்காரருக்கு டிரை ராட் என்றால் வீட்டு மரச்சட்டத்தில் பிடிக்கும் பூஞ்சை. இரண்டில் என் ஓட்டு பெரிஷுக்கு. பால் வெட்டி வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘ஸ்பாயில்ட் ரப்பர்’ என்று எழுதினால் எனக்கு உறுத்துகிறது.

டிக்ளைனும் கொலாப்ஸும் அடுத்த ஜோடி. இந்த வட்டாரத்துக் கதையிலேயே இரண்டுக்கும் உதாரணம் கிடைக்கும். 1980கள் வரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாதான் உலகில் முதலிடம். பிறகு தாய்லாந்தும் இந்தோனேசியாவும் முந்தின. பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டது ஒரே நாளில் நடந்ததல்ல; தோட்டம் தோட்டமாக, வருடக்கணக்கில் நடந்தது. அது டிக்ளைன். (நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான் தொடங்கியது, தென்னமரம் எஸ்டேட்டில். பெயரில் தென்னை, நட்டது செம்பனை!) ஈயத்தின் கதை வேறு. 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் கையில் பணமில்லை என்று கைவிரித்தது, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது, விலை பாதாளத்துக்குப் போனது, இங்கே லம்பங்கள் (ஈயச் சுரங்கங்கள்) வரிசையாக மூடின. அது கொலாப்ஸ். ஈயத்துக்கு டிக்ளைன் என்று எழுதினால், வேலை போனவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது போலாகிவிடும்.

இவற்றோடு டுவின்டில் என்று ஒன்று உண்டு. எண்ணிக்கை குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகப் போகிறது என்ற பயம் அதற்குள் இருக்கிறது. 150 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அதில் அடக்கம். புள்ளிவிவர அறிக்கைக்கு டிக்ளைன் போதும். பெற்றோர் சங்கத்தின் கடிதத்துக்கு டுவின்டில்தான் சரி. கோலசிலாங்கூர் பக்கம், ஆற்றங்கரையில் மின்மினி பார்க்க ஆட்கள் போகும் கம்போங் குவாந்தானின் மின்மினிகளுக்கும் இதே சொல் பொருந்தும்.

வீட்டுக்கு வருவோம். ஓட்டைத் தகரம், சாய்ந்த படி, கறையான் அரித்த பலகை: அப்படிப்பட்ட லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) டிலாப்பிடேட்டட் என்பார்கள். ஆள் குடியிருக்கலாம், குடியில்லாமலும் இருக்கலாம். எல்லாரும் தாமானுக்கு (புதுக் குடியிருப்பு) போய், கதவைக் கொடி மூடிவிட்டால் டெரலிக்ட். இந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆள் இருக்கும் லயத்தை டெரலிக்ட் என்று மனுவில் எழுதினால், அங்கே யாருமே இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி. ரன்-டவுன் இரண்டையும்விட மென்மையானது, மனிதருக்கும் செல்லும்: இரட்டை ஷிஃப்ட் பார்த்து ஓய்ந்துபோனவர் ரன்-டவுன்.

உடம்புக்கு வேஸ்ட் அவே, அட்ரஃபி, விதர் மூன்றும் மோதும். மாவுக்கட்டு பிரித்ததும் ஒரு கால் மட்டும் சூம்பியிருக்கிறதே, அது அட்ரஃபி. உழைப்பில்லாத தசை சுருங்குவது, மருத்துவரின் சொல். நோயில் ஆளே உருகி எலும்பும் தோலுமாவது வேஸ்ட் அவே. காசநோய்க்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் கன்சம்ப்ஷன், ஆளையே தின்றுவிடுகிறது என்று வைத்தது. நாம் எலும்புருக்கி என்றோம். விதர் செடிக்குச் சொந்தம், மனிதருக்கு அளவாகத்தான் கடன் கொடுக்கும். பிரிவில் பசலை பூத்து, தோள் மெலிந்து, வளை கழல்கிறதே, அதற்கு இவை எதுவும் உதவாது. பைன் அவே என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

எரோட், கொரோட் குழப்பம் சீக்கிரம் தீரும். செம்மண் சாலையை மழை அரிப்பது எரோட். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இரும்பு வாளியை அரிப்பது கொரோட். சம்பளத்தின் மதிப்பை விலைவாசி அரிப்பதும் எரோட்தான். ரஸ்ட் இரும்புக்கு மட்டும், அலுமினியத்துக்கு வராது.

கடைசியாக, எல்லாரும் ஓடிப்போய்ப் பிடிக்கும் டீட்டீரியரேட். நிலைமை, உறவு, உடல்நலம், பார்வை எல்லாவற்றுக்கும் வரும். அதனாலேயே எனக்கு அதன் மேல் சலிப்பு: கேட்டவருக்கு மோசமாகிறது என்று புரியும், எப்படி என்று புரியாது. ‘மழை வீட்டை டீட்டீரியரேட் செய்தது’ என்றும் எழுத வேண்டாம். வீடுதான் டீட்டீரியரேட் ஆகும். சொல்லும்போது பாதிப் பேர் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி ‘டீட்டீரியேட்’ என்கிறார்கள், எழுத்துக்கூட்டலிலும் அதே கதை. நிச்சயமில்லை என்றால் ‘கெட்டிங் வர்ஸ்’ என்று எழுதிவிடுங்கள்.