அலைச்சறுக்கும் பேட்மேன்: இரு தரப்புப் பார்வை

1967 நவம்பரில் ஒளிபரப்பான பேட்மேன் தொடரின் மூன்றாம் பருவ அத்தியாயம் ஒன்றில், பேட்மேனும் ஜோக்கரும் அலைச்சறுக்குப் போட்டியில் மோதுகிறார்கள். பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் முழு வேடத்துக்கு மேலேயே நீச்சல் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் பலகையில் நிற்கும் காட்சிதான் ரசிகர்களைப் பிரிக்கிறது.

1966 ஜனவரியில் ரிட்லர் என்ற வில்லனாக ஃபிராங்க் கார்ஷின் வந்த முதல் கதையில் கேலிக்கு அடியில் அபாயமும் இருந்தது என்றும், இங்கே கேலி மட்டுமே எஞ்சியது என்றும் ஒரு தரப்பு குறைப்படுகிறது. அபத்தத்தை இவ்வளவு விறைப்பாக நடிப்பதே இத்தொடரின் கலை என்கிறது மறு தரப்பு. ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ மழிக்க மறுத்த மீசை வெள்ளைப் பூச்சின் அடியில் தெரிவதைக்கூட அது ரசிக்கிறது. என் வாக்கு இவர்களுக்கே. எனினும், சறுக்கு வீரனின் திறமையை இயந்திரத்தால் உறிஞ்சும் ஜோக்கரின் திட்டம் எனக்கும் சலிப்பையே தந்தது.