ரிக்ளைனர் (கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளும் நாற்காலி) ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"உள்ளே மெக்கானிசம் மொத்தமும் போயிடுச்சு" என்று ரிப்பேர்காரர் சொன்னால், நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள்.

எங்கள் ரிக்ளைனரில் லிவரை இழுத்தால் கால்பலகை எழும்பவில்லை. வந்தவர் லிவரை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, மெக்கானிசத்தோடு சீட் ஃபோமையும் மாற்ற வேண்டும் என்றார். இரண்டுக்கும் பணம் வாங்கினார். கடைக்குப் போன நாற்காலி திரும்பி வந்தபோது கால்பலகை எழும்பியது. ஆனால் கொஞ்ச நாளிலேயே உட்கார்ந்தால் அடிச்சட்டம் இடித்தது.

சந்தேகத்தில் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்த கறுப்புத் துணியைப் பிரித்தேன். உள்ளே கால்பலகையைத் தூக்கும் மெக்கானிசத்தின் அதே பழைய இரும்புக் கைகள், ரிவெட்டைச் சுற்றி அதே பழைய துரு. புதிதாக இருந்தது லிவரிலிருந்து போகும் கேபிள் ஒன்றுதான். ஃபோம் அதைவிட மோசம்: முன்பிருந்த ஒரே கெட்டிப் பாளத்துக்குப் பதிலாக, மெல்லிய துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி அடுக்கியிருந்தார். கேட்டதற்கு, "பழசெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு" என்றார். வயதானவர் சாய்ந்து தூங்கும் நாற்காலியில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ!

லிவர் லூசாக ஆடினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். அதன் முனையில் இருக்கும் சின்ன உலோகக் குமிழ் கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கும். நழுவியதைக் கையாலேயே மாட்டிவிடலாம். ஆனால் கவனமாகச் செய்யுங்கள். ஸ்பிரிங் இழுவிசையில் இருக்கும், அந்த இரும்புக் கைகளுக்கு நடுவே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். சீட் ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் ஃபோமைக் குறை சொல்லும் முன், வளைவு வளைவான ஸ்பிரிங் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கிறீச் சத்தத்துக்கு மூட்டுகளில் கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரே போதும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி பிடித்துவிடும்.

அப்புறம், ஃபோம் மாற்றுவதாக இருந்தால் அதன் அடர்த்தியை, அதாவது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதை, பில்லில் எழுதி வாங்குங்கள். "நல்ல ஃபோம் சார்" என்பது பதில் இல்லை. கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். அவை கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.