அயர்லாந்துப் பகையின் வேர்: குடியேற்றமா, சட்டமா?

அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் இத்தனை காலம் மோதிக்கொண்டதற்கு இரண்டு வேர்களைச் சொல்வார்கள். ஒன்று, 1609-இல் நாட்டின் வடபகுதியான அல்ஸ்டரில் தொடங்கிய குடியேற்றம். மற்றது, 1695 முதல் கத்தோலிக்கர்களின் உரிமைகளைப் பறித்து வந்த தண்டனைச் சட்டங்கள்.

சட்டங்களின் கொடுமை வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால், ஒரு புராட்டஸ்டன்ட் 5 பவுண்டு 5 ஷில்லிங்கை நீட்டிவிட்டு அதை ஓட்டிக்கொண்டு போகலாம். 1704-இல் வந்த சட்டம் இன்னும் மோசம்: தகப்பனின் நிலம் மகன்களுக்குள் துண்டு துண்டாகப் பிரிய வேண்டும், மூத்தவன் அரசுத் திருச்சபைக்கு, அதாவது ஆங்கிலிகன் சபைக்கு, மாறிவிட்டால் முழுவதும் அவனுக்கே. பெற்ற பிள்ளையையே தகப்பனுக்கு எதிராக நிறுத்திய இதைப் படிக்கும்போதே நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் இதே சட்டம், அந்தச் சபையைச் சேராத புராட்டஸ்டன்ட்களான பிரெஸ்பிட்டேரியன்களையும் அரசுப் பதவிகளிலிருந்து விலக்கியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் அவர்களில் பலர் கத்தோலிக்கர்களோடு தோள்சேர்ந்து நின்றார்கள்.

குடியேற்றம் அப்படியல்ல. அல்ஸ்டரை ஆண்ட கேலிக் (பூர்விக ஐரிஷ்) பிரபுக்கள் 1607-இல் கடல் கடந்து போனதும், அங்கிருந்த நிலங்களை அரசு பறித்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டன்ட்களுக்குப் பங்கிட்டது. டெரி நகரம் லண்டன் வணிகக் குழுமங்களின் கைக்குப் போய், 1613-இல் 'லண்டன்டெரி' ஆனது. சாலைப் பலகைகளில் 'லண்டன்' என்ற பகுதியை மட்டும் சாயம் பூசி அழித்திருப்பதை நம் காலத்திலும் பார்க்கலாம்.

என் கணிப்பில் குடியேற்றமே ஆழமான வேர். சட்டங்களைப் படிப்படியாக நீக்க முடிந்தது. 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவும் திறந்தது. குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த மண். 1921-இல் நாடு பிரிந்தபோது, அரசுக் குடியேற்றம் நடந்த ஆறு மாவட்டங்களில் நான்கு பிரிட்டனோடு தங்கிய வடக்கு அயர்லாந்தோடு போயின.