20 வருஷத்து எஃப்-250-க்கு அடிவயிற்றுப் பரிசோதனை: ஹூஸ்டனில் ஒரு தகரக் கூரைப் பட்டறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறையில் உட்கார உருப்படியாக ஒரு நாற்காலி கிடையாது. ஏசி கிடையாது, காபி கிடையாது, போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். ஆகஸ்ட் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மூன்று மணி நேரம் நின்றேன். அப்படியிருந்தும் 5-க்கு 4 கொடுக்கிறேன். அந்த ஒன்று எதற்குக் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

வண்டி 2006 ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டூட்டி பிக்கப், 6.0 லிட்டர் டீசல், நாலு சக்கரமும் இழுக்கிற மாடல். ஓடியது 1,87,000 மைல், அதாவது 3 லட்சம் கிலோமீட்டர். நான் இதற்கு மூன்றாவது முதலாளி. ஹூஸ்டனுக்கு வடமேற்கே ஹெம்ப்ஸ்டெட் பக்கம் கொஞ்சம் நிலமும் பத்துப் பன்னிரண்டு ஆடும் இருப்பதால் மாதம் இரண்டு தடவை சின்ன டிராக்டரை டிரெயிலரில் ஏற்றி இழுத்துப் போகிற வேலை இதற்கு.

மே மாதம் ஒரு நாள் காலி வண்டியோடு 290-ம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன், சைப்ரஸ் பக்கம், 60 மைல் வேகம் இருக்கும். பாலத்தின் இணைப்பில் சின்னதாக ஒரு தூக்கல், அவ்வளவுதான். முன் சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை, டாஷ்போர்டு மேலே இருந்த கண்ணாடி எங்கே போனதோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முருகா முருகா என்கிறாள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து மெதுவாக 35-க்கு இறக்கியதும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிட்டது. இதற்கு இங்கே டெத் வாபிள் என்று பெயர், பெயரே போதும். இது ஒரு கம்பெனியின் வியாதி இல்லை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டை அச்சு இணைக்கிற எந்த வண்டிக்கும் வரும், ராம் 2500-க்கும் வரும், ஜீப் ராங்லருக்கும் வரும். வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை, 20 வருஷம் மூட்டை சுமந்தால் யாருக்கும் மூட்டு தேயும்தான்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டயர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் வண்டிக்கு அடியில் குனிந்து கூடப் பார்க்கவில்லை. "ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் போயிருக்கும் சார், ரெட்டை ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும்" என்று 480 டாலர் வாங்கிக்கொண்டான். கூடவே நாலு டயரிலும் 80 பி.எஸ்.ஐ. காற்று அடித்து அனுப்பினான். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அந்த 80 டயர் தாங்கும் உச்ச அளவு. இந்த வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாதவனிடம் சஸ்பென்ஷனைக் கொடுத்தது என் தப்பு. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஜூலையில் அதே பாலத்தில் அதே ஆட்டம்.

ஸ்டெபிலைசர் என்பது ஸ்டீயரிங் கம்பியில் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரு ஷாக் அப்சார்பர். ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவுகிற மாதிரி. புதுசு போட்டதும் வலி மறைந்துவிடும், அதற்குள் கீழே ஓட்டை பெரிதாகிக்கொண்டிருக்கும்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். ஹூஸ்டனின் வடமேற்கில் ஹெம்ப்ஸ்டெட் ரோட்டை ஒட்டிய சந்து. வெல்டிங் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். பெரியவர் ஒருவரும் அவர் மகனும் மட்டும்தான். பெரியவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம், ஸ்பானிஷ் நிறைய, எனக்கு ஸ்பானிஷில் எண்ணிக்கையும் சாப்பாடும் மட்டும் தெரியும். என்னை "ஹெஃபே" என்றுதான் கூப்பிட்டார், முதலாளி என்கிற மாதிரி. பரிசோதனைக்கு மட்டும் 90 டாலர், வேலை கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வோம் என்றார்.

அவர் எடுத்த எடுப்பிலேயே வண்டியைத் தூக்கவில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். முதலில் டயர் நாலும் தரையில், இன்ஜின் ஓட்டத்தில். மகன் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 10 மணியில் இருந்து 2 மணி வரை வேகமாக இடது வலது என்று ஆட்டிக்கொண்டே இருக்க, பெரியவர் அடியில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தார். லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கிவிட்டால் பாரம் இறங்கிவிடும், பாதி ஆட்டம் ஒளிந்துகொள்ளும். மூன்று டன் வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் எது நழுவுகிறது என்று தெரியும். என்னையும் படுக்கச் சொன்னார். டிராக் பார் என்று ஒரு கம்பி, சேஸிஸுக்கும் முன் அச்சுக்கும் குறுக்கே போகும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஒரு முனையில் ரப்பர் புஷ், மறு முனையில் பந்து மூட்டு. அந்தப் பந்து மூட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டக் டக் என்று குழிக்குள் குதித்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். இதைப் பார்க்க ஸ்கேனரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், ஸ்டீயரிங்கில் ஒரு ஆள் போதும்.

அப்புறம்தான் ஜாக்கி. அச்சுக்கு அடியில் கொடுத்து டயரை இரண்டு விரல் உயரம் தூக்கினார், டயருக்கு அடியில் நீளமான கடப்பாரையை விட்டு மேலே நெம்பினார். சக்கரத்தை அச்சோடு சேர்க்கிற பந்து மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் சக்கரம் மேலும் கீழும் எழும்பும், இடது பக்கம் எழும்பியது. அடுத்து டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். இதில் ஒரு குழப்பம் உண்டு, பால் ஜாயிண்ட் போனாலும் ஆடும், சக்கரம் சுழல்கிற ஹப் பேரிங் போனாலும் ஆடும். மகனை உலுக்கச் சொல்லிவிட்டு இவர் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்கிற இரும்புத் துண்டும் சேர்ந்து ஆடினால் பால் ஜாயிண்ட், நக்கிள் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். என் வண்டியில் பேரிங் நல்லபடியாக இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கினால், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கிற டை ராடு கம்பியின் ஆட்டம் தெரியும், அதுவும் தேவலை. அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷில் கீறல் விட்டிருக்கிறது, ஆனால் இன்னும் ஒரு வருஷம் போகும், இப்போது மாற்றாதே என்றார். காசு வரக்கூடிய இடத்தில் வேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கை இந்த ஊரில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் மேல் இருக்கும் திருகை யாரோ முன்னாள் முதலாளி நன்றாக இறுக்கி வைத்திருந்தாராம். லூசாக இருக்கிறது என்று தோன்றியதும் எல்லாரும் கை வைக்கிற இடம் அது. வேறெங்கோ இருந்த ஆட்டத்துக்குப் பாவம் அந்தப் பெட்டிதான் அடி வாங்கியிருக்கிறது. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு அதைப் பழையபடி தளர்த்தி வைத்தார்.

முன் டயரின் உள் ஓரம் சிரட்டையில் சுரண்டிய மாதிரி குழிகுழியாகத் தேய்ந்திருந்தது, உள்ளங்கையை வைத்துத் தடவினாலே தெரியும். நான் நாலு மாதமாக அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூட்டு தளர்ந்து கிடக்கும்போது அலைன்மென்ட் செய்வது வீண், அளவெடுக்கிற நேரத்தில் ஒரு இடத்தில் நிற்கும், ரோட்டில் இறங்கினதும் வேறு இடத்துக்குப் போய்விடும்.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், நம் ஊர் லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்வதுதான். பட்டையில் விரிசல் இல்லை, சென்டர் போல்ட் சரி, யு போல்ட் இறுக்கமாக இருக்கிறது. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷேக்கிளில் இடது பக்கப் புஷ் மட்டும் ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் வழிந்திருந்தது. மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்கு உப்புக் கொட்டுகிற ரோடுகளில் ஓடிய வண்டி என்றால் இந்த ஷேக்கிளே துருப்பிடித்து ஓட்டையாகி உடைந்துவிடுமாம். வடக்கே இருந்து பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காமல் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு, கால்வெஸ்டன் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டுக் கழுவாமல் விட்டால் தவிர. பட்டைக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போட்டுக்கொள்ளட்டுமா, டிரெயிலர் மாட்டினால் பின்பக்கம் தாழ்கிறதே என்று கேட்டேன். பட்டை சோர்ந்துபோயிருந்தால் அதுவும் ஸ்டெபிலைசர் கதைதான் என்று கையை ஆட்டிவிட்டார்.

செலவு இதுதான். முன்பக்கம் மேல் கீழ் என்று நாலு பால் ஜாயிண்ட், ஒரு டிராக் பார், அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,720 டாலர். இடது பக்கம் மட்டும்தானே போயிருக்கிறது, எதற்கு நாலும் என்று கேட்டேன். வலது பக்கமும் அதே வயசுதான், இந்தச் செட் இவ்வளவு நாள் தாங்கியதே அதிகம் என்றார். ஒரு பக்கத்தில் மேல் கீழ் இரண்டையும் சேர்த்து மாற்றுவதில் நியாயம் இருக்கிறது, ஹப், ரோட்டார், ஆக்சில் ஷாஃப்ட், நக்கிள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் ஜாயிண்டையே தொட முடியும், கூலி முழுக்க அதற்குத்தான். புது ஜாயிண்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, கம்பெனியில் இருந்து வந்ததில் அது கிடையாது. ஆயில் மாற்றும்போதெல்லாம் இரண்டு அடி கிரீஸ் அடி என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது குறைத்த அந்த ஒன்று. இந்த மாடலில் நாலு வீலில் போடும்போது முன் சக்கரத்தை அச்சோடு பூட்டுகிற லாக் வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில் இயங்குகிறது. நக்கிளைக் கழற்றினால் அதற்குள் காற்று கசியாமல் அடைக்கும் சீல் வளையத்தைப் புதுசு போட வேண்டும், இவர்கள் பழசையே திரும்பப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. செப்டம்பர் மழையில் நிலத்தில் டிரெயிலரோடு சேற்றில் மாட்டிக்கொண்டு நாலு வீலில் போட்டால் முன் சக்கரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இறங்கி ஹப்பில் உள்ள டயலைக் கையால் திருகி லாக் செய்து வெளியே வந்தேன், அது ஒன்று இருந்ததால் பிழைத்தேன். திரும்பக் கொண்டுபோனபோது சாக்குச் சொல்லவில்லை, பெரியவர் மகனைப் பார்த்த பார்வையில் மகன் டீ சர்ட்டுக்குள் போய்விட்டான். காசு வாங்காமல் செய்து கொடுத்தார்கள், ஆனால் ஒரு வாரம் வண்டியை வைத்துக்கொண்டார்கள், போன் எடுக்கவில்லை. பால் ஜாயிண்ட் மாற்றக் கொடுக்கிறவர்கள் வேக்குவம் சீல் புதுசா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜனவரி 1 முதல் சொந்த வண்டிக்கு வருஷாந்திர பாதுகாப்புப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதில் 7.50 டாலர் கட்டணம் வாங்குகிறார்கள். முன்பு வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருவர் பிரேக்கையும் டயரையும் ஸ்டீயரிங்கையும் பேருக்காவது பார்த்தார், இப்போது அதுவும் இல்லை. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 15 வயசுப் பையனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்க்கிறேன். லைசென்ஸ் எடுக்கப் போகிறவன், அவனும் உற்சாகமாக ஆட்டுகிறான், கொஞ்சம் அதிகமாகவே.

பட்டறையின் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே மூன்று வாரம் வரிசை, எனக்கு இன்னும் அந்த இடது ஷேக்கிள் புஷ் பாக்கி இருக்கிறது. நவம்பரில் வரச் சொல்லியிருக்கிறார், எந்தத் தேதி என்று கேட்கப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.