9,500 ரூபாய்க்கு 8 டிபி எஸ்எஸ்டி: ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கல்யாண வீடியோ எடுக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொழிலில் இருக்கும் பத்துப் பேரிடம் நேரில் சொன்னேன். அதில் மூன்று பேர் இதே பொருளை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

திண்டுக்கல் பக்கம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக வந்து பேட்டரி, மெமரி கார்டு, லைட் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் போகும் ஆள் ஒருவர் உண்டு. எனக்கு இரண்டு வருடப் பழக்கம். தை முகூர்த்தங்களுக்கு முன்னால் கறுப்பு அலுமினியப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளங்கையில் அடங்கும், நல்ல கனம். "அண்ணே, எட்டு டிபி எஸ்எஸ்டி. கஸ்டம்ஸ்ல பிடிச்ச சரக்கு, பில் இல்லாம எடுத்தா 9,500தான்" என்றார். எஸ்எஸ்டி என்றால் சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் வேகமான டிஸ்க், 8 டிபி என்றால் 8,000 ஜிபி. கடையில் அது அரை லட்சத்தைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். கம்ப்யூட்டரில் சொருகினால் 7.27 டிபி காட்டியது. 8 டிபிக்கு விண்டோஸ் அப்படித்தான் காட்டும் என்பதால் நம்பிவிட்டேன்.

முதல் கல்யாணத்துக்கு இரண்டு கேமரா. 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட் வைத்து எடுத்தால் மணிக்கு 45 ஜிபி ஆகும். எல்லாம் சேர்த்து 450 ஜிபி. காப்பி முடிய ஐந்து மணி நேரம் ஆனது, நொடிக்கு 25 எம்பி. நல்ல எஸ்எஸ்டி என்றால் இருபது நிமிட வேலை. அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஃபோன் போட்டுக் கேட்டதற்கு, "பெரிய டிஸ்க் ஆரம்பத்துல அப்படித்தாண்ணே இருக்கும்" என்றார். ஃபோல்டரைத் திறந்தேன், எல்லா கிளிப்பும் பெயரோடு, அளவோடு இருந்தது. முதல் நாலைந்தை ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. என் கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த கிளிப்பும் திறக்கவில்லை.

பெட்டியின் திருகுகளைக் கழற்றினேன். விரல் அகலத்துக்கு ஒரு பச்சை போர்டு, அதில் செல்போனில் போடும் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. பக்கத்தில் கனத்துக்காக ஒரு இரும்புத் தகடு, பசை வைத்து ஒட்டியிருந்தது. 8 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி போர்டில் உள்ள மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். 64 ஜிபி நிரம்பிய பிறகு வருவது எதுவும் நிற்காது. பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் அது மட்டும் தப்பிவிடும், நாமும் எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எழுதப்படாத பதிவை ரெக்கவரி செய்யவும் வழி கிடையாது.

பெண் வீட்டுக்குப் போய் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. "தம்பி, தாலி கட்டுறதாவது இருக்கா?" என்றார். இருந்தது. உதவிக்கு வந்த பையன் தன் கார்டுகளில் ஒன்றை அழிக்காமல் வைத்திருந்தான். ஒரே கோணம், தூரத்திலிருந்து, பாதிக்கு ஆட்கள் மறைக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது.

விற்றவர், "பெட்டியைப் பிரிச்சிட்டீங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று வைத்துவிட்டார். பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ தெம்பாகப் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அப்புறம், கடன் வாங்கியாவது நிஜமான 8 டிபி எஸ்எஸ்டி வாங்கிவிடலாம் என்று விசாரித்தேன். எங்கள் வேலைக்கு அது தேவையில்லை என்பதுதான் என் முடிவு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பெரிய டிஸ்க்குகளில் பல, ஒரு செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும் கியூஎல்சி வகை. உதாரணத்துக்கு சாம்சங் 870 கியூவிஓ 8 டிபி: முதல் 78 ஜிபி வரை நொடிக்கு 530 எம்பி, அதற்கு மேல் நிற்காமல் எழுதினால் 160 எம்பி. நிறுவனமே வெளிப்படையாகப் போட்டிருக்கும் கணக்கு. 450 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றும் எனக்குப் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க் வேகத்தில்தான் போகும். கரண்ட் இல்லாமல் பீரோவில் வருடக்கணக்கில் வைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதில்லை. எழுதும் ஆயுள் தீர்ந்த டிஸ்க்கில் 30 டிகிரி வெப்பத்தில் கரண்ட் இல்லாமல் ஓராண்டு பதிவு நிற்க வேண்டும் என்பதுதான், மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது போதாது.

இப்போது எடிட்டிங்குக்கு மட்டும் 2 டிபி டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் வகை) எஸ்எஸ்டி, பில்லோடு. முடிந்த வேலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டில், ஒன்று ஸ்டுடியோவில். எது வாங்கினாலும் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட விடுகிறேன். டிஸ்க் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மேக், லினக்ஸ் என்றால் எஃப்3. ஒரு நாள் போனாலும் போகட்டும், அது முடியாமல் கார்டை அழிப்பதில்லை.

அந்த ஆள் இப்போது பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் போவதாகக் கேள்விப்பட்டேன். கறுப்பு அலுமினியப் பெட்டி, வெள்ளை எழுத்தில் 8 டிபி, பின்பக்கம் நான்கு சின்னத் திருகு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றைக்கே ஃபோல்டரின் கடைசி கிளிப்பை ஓட்டிப் பாருங்கள். அதுவரை எந்த மெமரி கார்டையும் அழிக்காதீர்கள்.